ஃபர்னஸ் ஃபில்டர்: எந்த சைஸ், எந்த நம்பர், எப்ப மாத்தணும்

போன கோடையில அப்பா திருச்சியிலேர்ந்து விசிட்டர் விசால வந்திருந்தாரு. பேஸ்மென்ட்ல சும்மா சுத்திக்கிட்டு இருந்தவரு வீட்ட சூடாக்குற ஃபர்னஸ் மெஷின் ஓரத்துல இருந்த ஃபில்டர உருவி, என்னடா இவ்ளோ அழுக்குன்னு குழாயடில வச்சு நல்லா கழுவி பின்பக்கம் வெயில்ல சாத்தி வச்சிட்டாரு. ஊர்ல ஸ்பிளிட் ஏசி வலைய மாசாமாசம் கழுவி பழகின கை, அவரு மேல தப்பு சொல்ல முடியாது. நான் ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்தா அட்டை பிரேம் அப்பளமா நெளிஞ்சு மடிப்பெல்லாம் ஒட்டிக்கிட்டு கிடக்குது. இந்த ஃபில்டர் கழுவுறதுக்கு இல்லப்பா, தூக்கிப் போட்டுட்டு புதுசு போடணும்னு சொன்னா மனுஷனுக்கு மனசே ஆறல.

கனடாவுலயோ அமெரிக்காவுலயோ புதுசா வீடு வாங்கின நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இப்படி ஒரு சாமான் வீட்டுல இருக்குன்னே ரெண்டு குளிர்காலம் போனப்புறம்தான் தெரியுது. அதனால எனக்குத் தெரிஞ்சத எழுதுறேன்.

இங்க குளிருக்கு ஹீட்டிங், வெயிலுக்கு ஏசி ரெண்டுக்கும் ஒரே காத்தாடிதான், ப்ளோயர்னு சொல்லுவாங்க. வீட்டுக் காத்த ரிட்டர்ன் டக்ட்ங்கிற பெரிய குழாய் வழியா இழுத்து, சூடாக்கியோ குளிராக்கியோ திரும்ப ரூமுக்கெல்லாம் தள்ளும். அந்த ரிட்டர்ன் டக்ட் ஃபர்னஸ்ல சேர்ற எடத்துல ஒரு ஒடுக்கமான பொந்து இருக்கும், ஃபில்டர் அங்கதான். சில அபார்ட்மென்ட்ல சீலிங்லயோ சுவத்துலயோ இருக்குற பெரிய கிரில்லுக்கு உள்ள இருக்கும். முதல்ல நல்லா புரிஞ்சுக்க வேண்டியது, இத வச்சதே ப்ளோயரும், ஏசில காத்த குளிராக்குற குழாய்ச் சுருளான காயிலும் தூசி படிஞ்சு கெட்டுப் போகாம இருக்கத்தான், நம்ம மூக்குக்கு சுத்தமான காத்து கிடைக்கிறது அதுக்கு அப்புறம் வந்து சேர்ந்த லாபம். இத மறந்துதான் நான் காசு விட்டேன், அத அப்புறம் சொல்றேன்.

சைஸ் பழைய ஃபில்டரோட பிரேம்லயே போட்டிருக்கும், 16x25x1, 20x25x1, 20x20x1 இப்படி. டேப் வச்சு அளந்தா 16க்கு பதிலா பதினஞ்சரைன்னு வரும், பதறாதீங்க, பொந்துக்குள்ள சுலபமா போகணும்னு கால் இன்ச் அரை இன்ச் கம்மியாத்தான் செய்வாங்க. கடையில கேக்க வேண்டியது பெரிய எழுத்துல இருக்குற முழு நம்பர். நாலு இன்ச் அஞ்சு இன்ச் தடிமன் ஃபில்டர் மட்டும் கொஞ்சம் வம்பு, ஒரே நம்பர் போட்டிருந்தாலும் கம்பெனிக்கு கம்பெனி நெஜ அளவு மாறும், அதனால பிரேம்ல சின்ன எழுத்துல இருக்குற நெஜ அளவையும் ஃபர்னஸ்ல ஒட்டியிருக்குற மாடல் நம்பரையும் போட்டோ எடுத்துக்கிட்டு கடைக்கு போங்க. சின்ன சைஸ் வாங்கி டேப் ஒட்டி சமாளிக்கிறது வேலைக்கு ஆகாது, காத்து எது சுலபமான வழியோ அந்த சந்து வழியாத்தான் போகும், ஃபில்டர் சும்மா நின்னு வேடிக்கை பாக்கும்.

அடுத்தது எல்லாரையும் குழப்புற நம்பர். பொதுவா இருக்குற அளவுகோல் பேரு மெர்வ், 1லேர்ந்து 16 வரைக்கும், நம்பர் கூடக் கூட இன்னும் பொடி தூசியப் பிடிக்கும். கடையில போய்ப் பாத்தா ஹோம் டிப்போல எஃப்பிஆர்னு ஒரு நம்பர் இருக்கும், 3எம் கம்பெனி எம்பிஆர்னு 1000, 1500, 1900னு போட்டிருப்பான். மூணும் வேற வேற கணக்கு. எஃப்பிஆர் 5ன்னா சுமாரா மெர்வ் 8, எஃப்பிஆர் 10ம் எம்பிஆர் 1900மும் சுமாரா மெர்வ் 13. அட்டையில எங்கயாவது மெர்வ் நம்பரும் இருக்கும், அத வச்சு பாருங்க.

உள்ள பாத்தா அந்தப்பக்கம் தெரியுற மாதிரி இருக்குற மலிவு ஃபைபர்கிளாஸ் ஃபில்டர் பஞ்சையும் முடியையும் பிடிக்கும், அவ்ளோதான். மடிப்பு மடிப்பா இருக்குற மெர்வ் 8 பெரும்பாலான வீட்டுக்குப் போதும். நாய் பூனை இருந்தாலோ, பசங்களுக்கு டஸ்ட் அலர்ஜி இருந்தாலோ 11. மெர்வ் 13ன்னா 0.3லேர்ந்து 1 மைக்ரான் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) வரைக்கும் இருக்குற பொடியில பாதியாவது பிடிக்கும், காட்டுத்தீ புகையெல்லாம் அந்த ரகம்தான்.

சரி அப்ப எல்லாரும் 13 வாங்கிட வேண்டியதுதானேன்னா, நானும் அப்படித்தான் நினைச்சேன். 2023 ஜூன்ல கியூபெக் காட்டுத்தீ புகை எங்க ஊர் வரைக்கும் வந்து வெளிய போனாலே தொண்டை எரிஞ்சப்ப, இருக்குறதுலயே பெரிய நம்பரா ஒரு இன்ச் மெர்வ் 13 வாங்கி சொருகினேன், புகை போனப்புறமும் அத எடுக்க மறந்துட்டேன். ஜூலை கடைசில ஏசி ஓடுது ஆனா வீடு குளிரவே இல்ல, பேஸ்மென்ட்ல ஒரே தண்ணி. டெக்னீஷியன் வந்து காயில தொறந்து காட்டினாரு, ஃப்ரீசர் மாதிரி ஐஸ் கட்டியிருக்கு. காயிலுக்கு வேணுங்கிற காத்து வரலைன்னா அது ஜீரோவுக்கு கீழ போயி, மேல படியுற தண்ணி உறைஞ்சு, அந்த ஐஸ் இன்னும் காத்த அடைச்சு, அப்படியே வளர்ந்துக்கிட்டே போகும். மாவு சலிக்கிற சல்லடைக்கு பதிலா வேட்டித் துணிய கட்டிக்கிட்டு சலிச்ச கதை. பில்ல பாத்துட்டு பத்து வருஷத்துக்கு ஃபில்டர் வாங்கியிருக்கலாமேன்னு வீட்டுல திட்டு வேற.

உங்களுக்கும் ஐஸ் கட்டினா ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஃபேன மட்டும் ஆன்ல போட்டு சில மணி நேரம் உருக விடுங்க, கத்தி எடுத்து சுரண்டாதீங்க. குளிர்காலத்துல இதே அடைப்பு வேற வேஷத்துல வரும், உள்ள சூடு ஏறிப்போயி லிமிட் சுவிட்ச் நெருப்ப நிறுத்திடும், காத்து மட்டும் குளுகுளுன்னு வரும், கொஞ்ச நேரத்துல திரும்ப பத்தும், திரும்ப அணையும். வெளிய மைனஸ் இருபதுல இது நடந்தா முதல்ல ஃபில்டரத்தான் உருவி பாக்கணும்.

நெஜமாவே 13 வேணும்னா நாலு இன்ச் பெட்டி இருக்குற வீட்டுல போடுங்க. மடிப்பு ஆழமா இருக்குறதால பேப்பரோட மொத்த பரப்பு பல மடங்கு ஜாஸ்தி, அதனால மூச்சு முட்டாது. ஒரு இன்ச் பொந்து மட்டும்தான்னா 8 இல்ல 11ஓட நிறுத்திக்கிட்டு, சர்வீஸுக்கு வர்றவர்கிட்ட ஸ்டாட்டிக் பிரஷர், அதாவது காத்து ஓட எவ்ளோ தடை இருக்குன்னு காட்டுற அழுத்தம், அளக்கச் சொல்லுங்க, வீட்டு மெஷின் நிறைய அந்த அழுத்தம் 0.5 இன்ச் வாட்டர் காலம் (water column) அளவுக்குள்ள இருக்கணும்னு டிசைன் பண்ணது. ரொம்பப் பொடி துகளையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர இதுக்குள்ள திணிக்கவே வேணாம், அது வேணும்னா பெட்ரூமுக்கு தனியா ஏர் ப்யூரிஃபையர் வாங்குங்க.

மாத்துறது அஞ்சு நிமிஷ வேலை. தெர்மோஸ்டாட்ட ஆஃப் பண்ணி, ஃபர்னஸ் பக்கத்துல லைட் சுவிட்ச் மாதிரி இருக்குறதையும் அணைச்சிடுங்க, ஓடும்போது உருவினா தூசி மொத்தமும் உள்ள போகும். பழச மெதுவா இழுத்து நேரா குப்பைப் பையில போடுங்க. புதுசோட பிரேம்ல ஒரு அம்புக்குறி இருக்கும், அது காத்து போற திசை, அதாவது ரிட்டர்ன் டக்ட்லேர்ந்து ஃபர்னஸ் பக்கம் பாத்து இருக்கணும். டக்ட் மேலயே மார்க்கர்ல ஒரு அம்பு வரைஞ்சு வச்சிட்டா அடுத்த தடவை யோசிக்க வேணாம். பிரேம்ல தேதி எழுதி, சொருகி, மூடிய சரியா மூடி சுவிட்ச போடுங்க. விசில் சத்தம் வந்தா எங்கயோ சந்து இருக்கு இல்ல ஃபில்டர் ரொம்ப அடைக்குது.

எத்தனை நாளைக்கு ஒருதரம்னா, ஒரு இன்ச்சுக்கு ஒண்ணுலேர்ந்து மூணு மாசம், நாலு இன்ச்சுக்கு ஆறு மாசத்துலேர்ந்து ஒரு வருஷம்னு போட்டிருப்பாங்க. நான் காலண்டர நம்புறதில்ல. மாசத்துக்கு ஒருதரம் உருவி லைட்டுக்கு நேரா பிடிச்சுப் பாப்பேன், வெளிச்சம் ஊடுருவலைன்னா மாத்திடுவேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினம் தாளிப்பு, அடிக்கடி பஜ்ஜின்னு இருக்குற நம்ம வீட்டுல மூணு மாசம்லாம் தாங்காது, எங்க வீட்டுல ரெண்டு மாசம்தான். வீட்டுல டிரைவால் (ஜிப்சம் பலகை சுவர்) வேலை நடந்தா வாரத்துலயே வெள்ளையா அடைச்சுக்கும், வேலை முடிஞ்ச உடனே புதுசு போடுங்க. ஆனா சமையல் வாசனை போகும்னு எதிர்பாக்காதீங்க, ஃபில்டர் துகளத்தான் பிடிக்கும், வாசனைக்கு அடுப்பு மேல இருக்குற ஹூட் வெளிய காத்த தள்ளுதான்னு பாருங்க.

கழுவி கழுவி போடலாம்னு விக்கிற ஃபில்டரும் இருக்கு, அப்பாவுக்கு அதக் காட்டினதும் முகம் மலர்ந்துச்சு. ஆனா அதுல பெரும்பாலானது பொடி தூசிய விட்டுடும், சரியா காயாம போட்டா பூஞ்சை வேற பிடிக்கும். வீட்டுல எச்ஆர்வி பெட்டி, அதாவது சூடு வீணாகாம வெளிக்காத்த உள்ள கொண்டு வர்ற மெஷின் இருந்தா அதுக்குள்ள இருக்குற ஃபில்டர் பெரும்பாலும் கழுவுற ரகம்தான், இப்ப அந்த வேலைய அப்பாகிட்ட விட்டாச்சு.