எந்தக் கற்பூரவல்லி? தாவரத் தரவுத்தளத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கில் தண்ணீர்மலை அடிவாரத்திலிருந்து தாவரவியல் பூங்கா வரை நடந்து, வழியில் கண்ட செடிகொடிகளைக் கணினியில் பதிந்துவைக்கும் சிறு குழுவில் நானும் ஒருவன். எங்கள் முதல் பட்டியலில் ‘கற்பூரவல்லி’ என்று ஒரு வரி இருக்கிறது. படம் இல்லை. எழுதியவர் யார் என்ற குறிப்பும் இல்லை. அது சளிக்குக் கசாயம் வைக்கும் தடித்த இலைச் செடியா, அல்லது கற்பூரவல்லி வாழையா? இரண்டும் வேலியோரத்தில் வளரக்கூடியவைதான். அந்த வரியை இன்றுவரை எங்களால் பயன்படுத்தவும் முடியவில்லை, அழிக்கவும் மனம் வரவில்லை.

இதைக் கேட்டதும் பலர், “தமிழ்ப் பெயரை விட்டுவிடுங்கள், அறிவியல் பெயரை மட்டும் எழுதுங்கள்” என்பார்கள். நான் ஏற்கமாட்டேன். தவறு தமிழ்ப் பெயரில் இல்லை, பெயருக்கென்று ஒரே ஒரு கட்டம் வைத்ததில் இருக்கிறது. கேட்ட பெயர், எந்த மொழியில், யாரிடம் கேட்டது என்பவை ஒரு பக்கம். நாம் தீர்மானித்த அறிவியல் பெயர், தீர்மானித்தவர், தீர்மானித்த நாள் என்பவை இன்னொரு பக்கம். கண்டதையும் கேட்டதையும் ஒருபோதும் திருத்தக் கூடாது. அதைப் பற்றி நாம் நினைப்பதை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

அறிவியல் பெயர் நிரந்தரம் என்று நினைப்பதும் ஏமாற்றம்தான். அந்தக் கசாயச் செடியே நெடுங்காலம் பிளெக்ட்ராந்தஸ் அம்போய்னிகஸ் ஆக இருந்தது, இப்போது கோலியஸ் அம்போய்னிகஸ். பினாங்குத் தாவரவியல் பூங்காவை 1884இல் உருவாக்கிய சார்ல்ஸ் கர்ட்டிஸின் பெயரைத் தாங்கிய மலைமரம் ஒன்று உண்டு. நூற்றாண்டுக்கும் மேலாக அது ஷோரியா கர்ட்டிசி. 2022இல் அதை ரூப்ரோஷோரியா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். பழைய பெயரை அழித்துவிட்டுப் புதியதை எழுதினால், பழைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கு மரமே காணாமல் போய்விடும்.

தமிழில் பதிகிறவர்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஒருநாள் எங்கள் பட்டியலில் பொன்னாங்கண்ணியை எண்ணச் சொன்னோம். கணினி அதை இரண்டு தாவரங்களாகக் கணக்குக் காட்டியது. இரண்டு வரிகளையும் பெரிதாக்கிப் பார்த்தோம், ஓர் எழுத்தும் மாறவில்லை. விஷயம் ‘பொ’வில் இருந்தது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. கொய்யா, கொத்தவரை எல்லாவற்றுக்கும் இதே கதை. ‘ஔ’வுக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுகிறவர்களின் கதை தனி. முதல் வகைக்கு எளிய மருந்து உண்டு: உள்ளே வரும் எழுத்துகள் அனைத்தையும் என்எஃப்சி என்ற சீரான வடிவத்துக்கு மாற்றும் ஒரு வரி நிரல் போதும். இரண்டாவதற்கு ஆள்தான் உட்கார்ந்து திருத்த வேண்டும். கோப்பைச் சேமிக்கும்போது யூனிகோடு எழுத்துகளைக் காக்கும் யூடிஎஃப்-8 வடிவத்தைத் தேர்ந்தெடுக்க மறந்தால், தமிழ்ப் பெயர்கள் மொத்தமும் கேள்விக்குறிகளாகத் திரும்பி வரும். அப்போது மூலப் பிரதி கையில் இல்லையென்றால் அழ வேண்டியதுதான்.

தேதியை எக்செல் தொட விடாதீர்கள். 3/4 என்பது நமக்கு ஏப்ரல், அமெரிக்க அமைப்பில் உள்ள கணினிக்கு மார்ச். கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், ஒரே காலையில் பார்த்த முப்பது செடிகள் முப்பது நாள்களுக்குப் பரவிவிடும். ஆண்டு, மாதம், நாள் என்று மூன்று தனிக் கட்டங்கள் வைத்தால் வேலை முடிந்தது.

இடக்குறிப்பில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. பினாங்கின் அட்சரேகை ஏறக்குறைய 5.4, தீர்க்கரேகை 100.3. மாற்றி எழுதினால் அட்சரேகை 90ஐத் தாண்டாது என்பதால் கணினி உடனே கத்தும். சென்னையில் இருப்பவர் 13ஐயும் 80ஐயும் மாற்றிப் போட்டால் யாரும் கத்தமாட்டார்கள். அவருடைய ஆவாரம்பூ சத்தமில்லாமல் ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு பக்கம் போய்ப் பூத்துவிடும். உலக விதைப் பெட்டகம் இருக்கிற தீவுக்கூட்டம்தான் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். வெற்றுக் கட்டத்தைப் பூஜ்யம் என்று நிரப்பினால் செடி மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால் கினி வளைகுடாவில் மிதக்கும்.

செடியை உலர்த்தி ஒட்டி, கண்ட இடத்தையும் எழுதிவைத்த பழைய உலர்தாவர அட்டைகளில் வேறு சிக்கல். ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு’ என்றிருந்தால் அது பினாங்குதான். ‘2000’ என்று உயரம் எழுதியிருந்தால் அது அடி. கொடிமலை என்னும் பினாங்கு மலையின் உச்சியே 833 மீட்டர்தான். ‘பினாங்கு’ என்று மட்டும் எழுதிய அட்டைக்குத் தீவின் நடுவில் ஒரு புள்ளி குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தீவின் நடுப்பகுதி மலை. கடலோரப் புல் மலைக்காட்டுத் தாவரமாகிவிடும். புள்ளியோடு ‘இத்தனை மீட்டர் பிழை இருக்கலாம்’ என்ற கட்டத்தையும் நிரப்புங்கள். உலகெங்கிலுமிருந்து உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஜிபிஐஎஃப் போன்ற அமைப்புகள் பயன்படுத்தும் டார்வின் கோர் என்ற பொதுப் பதிவுத் தரத்தில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. மலேசியாவின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் என்ற பழைய நில அளவை அடிப்படையில் வரைந்தவை. கைப்பேசி காட்டும் டபிள்யூஜிஎஸ் 84 அளவோடு அப்படியே கலந்தால் நூறு மீட்டருக்கும் மேல் நகர்ந்துவிடும்.

நட்டதா, தானாக முளைத்ததா என்பதையும் எழுதுங்கள். பூங்காவில் நாகலிங்க மரம் கம்பீரமாக நிற்கிறது. கோயில்களில் பூவைப் பார்த்துக் கும்பிடுகிறோம். ஆனாலும் அது தென் அமெரிக்க மரம். பூர்வீகத் தாவரப் பட்டியலில் அதற்கு இடம் இல்லை.

பாட்டிமார் சொன்ன வைத்தியக் குறிப்பை அவர்களைக் கேட்காமல் வெளியிடுவதை நான் தவறு என்று சொல்லமாட்டேன், திருட்டு என்பேன். மலேசியாவில் உயிரியல் வளங்களையும் அவற்றோடு சேர்ந்த மரபறிவையும் பயன்படுத்துவதற்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றும் இருக்கிறது.

கடைசியாக ஆர்க்கிட். பினாங்கு மலையில் பாஃபியோபெடிலம் பார்பேட்டம் என்ற செருப்பு ஆர்க்கிட் உண்டு. அதன் பேரினம் முழுவதும், அழிவை நெருங்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. இடத்தைத் துல்லியமாக வெளியிட்டால் அடுத்த வாரமே பறித்துப் போய்விடுவார்கள் என்று, அட்டவணையில் அதன் இடக்குறிப்பை ஒரு தசம இலக்கத்துக்குச் சுருக்கினோம். அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர்ச் சதுரம். நிம்மதியாக இருந்தோம். குழுவில் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் இருக்கிறான். அவன் நாங்கள் ஏற்றியிருந்த படத்தைத் தன் கணினியில் இறக்கி, அதன் விவரங்களைத் திறந்து காட்டினான். “அண்ணே, இங்கே இருக்கிறதே” என்றான். கைப்பேசி படத்துக்குள்ளேயே அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஆறு தசம இலக்கத்தில் எழுதி வைத்திருந்தது. அன்றிரவு எல்லாப் படங்களையும் இறக்கி, ஒவ்வொன்றாகத் துடைத்து மறுபடி ஏற்றி முடிக்க மணி இரண்டாகிவிட்டது.