கைக்குப் பொருந்தும் துப்பாக்கி முதலில், லேசர் அதற்குப் பிறகு

டெக்சாஸில் ஹூஸ்டன் பக்கம் இரவு நேரத்தில் கடை சாத்திவிட்டுத் தனியாகக் கார் வரை நடக்கும் தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு நான் கைத்துப்பாக்கிப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, பையில வெச்சா தெரியாத மாதிரி சின்னதா, லேசர் கூடவே வர்ற மாதிரி ஒரு துப்பாக்கி சொல்லுங்க." மாடலைச் சொல்வதற்கு முன் நான் அவர்களிடம் இரண்டு கேள்வி கேட்பேன். எந்த விசாவில் இருக்கிறீர்கள்? வீட்டில் குழந்தைகள் உண்டா?

விசாவைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ரேஞ்சுக்கு, அதாவது சுடும் பயிற்சிக்கூடத்துக்கு, போய் வாடகைத் துப்பாக்கியால் சுடுவதும் இந்தத் தடைக்குள் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நண்பர்களோடு சேர்ந்து போய்ச் சுட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், கிரீன் கார்டு விண்ணப்பத்தையே அது கெடுத்துவிடக்கூடும். கிரீன் கார்டு உள்ளவர்களும் குடியுரிமை பெற்றவர்களும் கடையில் 4473 படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகு வாங்கலாம். மனைவி குடியுரிமை பெற்றவர், கணவர் இன்னும் விசாவில் என்றால், துப்பாக்கிப் பெட்டியின் சாவியும் எண்ணும் கணவரிடம் இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட வீட்டினர் வாங்கும் முன்பே ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

இனி துப்பாக்கிக்கு வருவோம். குறி வைக்கும் இடத்தில் ஒளிப்புள்ளி காட்டும் லேசரைச் சற்று நேரம் மறந்துவிடுங்கள்.

சிறிய துப்பாக்கி என்றால் உதைப்பும் சிறிதாக இருக்கும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நடப்பது அதற்கு நேர் எதிர். அதே தோட்டாவை எடை குறைந்த துப்பாக்கியில் போட்டால் கை அதிகமாக அடிபடும். 2008-இல் வந்த ரூகர் எல்சிபி சுமார் 270 கிராம்தான்; 380 என்ற அளவுத் தோட்டா போடுவது. சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது. ஆனால் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிப்பதற்குள் கட்டைவிரல் அடிப்பகுதி சிவந்துவிடும். சுட வலிக்கிற துப்பாக்கியை யாரும் எடுத்துப் பழகுவதில்லை, பழகாத துப்பாக்கியை இடுப்பில் வைத்திருப்பது ஆபத்து. அதனால் முதல் துப்பாக்கி வாங்குபவர்களிடம் அரைக் கிலோ அளவில் பார்க்கச் சொல்வேன். 2018-இல் வந்த சிக் பி365, 9 மி.மீ. தோட்டா போடுவது, சுமார் 500 கிராம், மேகசினில், அதாவது தோட்டா அடுக்கும் பெட்டியில், 10 தோட்டா. அதே ஆண்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கொண்டுவந்த ஷீல்ட் ஈஇசட் 380 இன்னும் கொஞ்சம் பெரிது. ஆனால் அதன் ஸ்லைடை, அதாவது தோட்டா ஏற்ற இழுக்கும் மேல்பகுதியை, பின்னால் இழுப்பது மிகவும் எளிது. விரல் மூட்டுவலி உள்ளவர்களுக்கும் கைவலு குறைந்தவர்களுக்கும் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இதைத்தான்.

380-க்கும் 9 மி.மீ.-க்கும் குண்டின் விட்டம் கிட்டத்தட்ட ஒன்றே. 380-இன் உறை குட்டை, வேகமும் குறைவு. பயிற்சித் தோட்டா விலை பெரும்பாலும் 9 மி.மீ.-இல்தான் மலிவு. கை தாங்குமானால் 9 மி.மீ. எடுங்கள். தாங்கவில்லை என்றால் 380-ஐ எடுத்து நன்றாகச் சுடக் கற்றுக்கொள்ளுங்கள், அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், காலியாக இருக்கிறதா என்று நீங்களே திறந்து பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத் தந்தாலும் சரி. சுவர்ப்பக்கம் திருப்பிப் பிடியுங்கள். சுட்டுவிரலின் முதல் கணுவின் சதைப்பகுதி விசையில் (ட்ரிக்கரில்) படிகிறதா, அல்லது நுனிதான் எட்டுகிறதா? சுண்டுவிரலுக்குப் பிடியில் இடம் இருக்கிறதா? ஸ்லைடை ஐந்தாறு முறை இழுத்து விட முடிகிறதா? இவை சரியாக வந்தால் மட்டும் லேசரைப் பற்றிப் பேசலாம். ரேஞ்சில் அதே மாடல் வாடகைக்குக் கிடைத்தால், வாங்கும் முன் ஒரு பெட்டி சுட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாகத் தெரிந்த துப்பாக்கி கையில் எப்படி நடந்துகொள்கிறது என்று அங்கேதான் தெரியும்.

லேசரில் நான் முதலில் பார்ப்பது அது எப்படி எரிகிறது என்பதை. நிறம், தூரம் எல்லாம் பிறகு.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2010-இல் கொண்டுவந்த பாடிகார்ட் 380-தான் உடலுக்குள்ளேயே லேசர் வைத்து வந்த சின்னத் துப்பாக்கிகளில் மிகவும் பேர் வாங்கியது. 6 தோட்டா மேகசின், சுமார் 340 கிராம். அதன் லேசருக்குத் துப்பாக்கிச் சட்டகத்தின் முன்பக்கம், ட்ரிக்கர் வளையத்துக்கு முன்னால் ஒரு பொத்தான். ஒருமுறை அழுத்தினால் எரியும், இன்னொரு முறை அழுத்தினால் மினுக்கும், மூன்றாவது முறை அணையும். கடையில் நின்று அழுத்திப் பார்க்கும்போது எளிதாகத்தான் இருக்கும். பயந்து வியர்த்த கையோடு, இருட்டில், அந்தப் பொத்தானைத் தேடிப் பாருங்கள். நான் பயிற்சியில் ஆட்களை ஓடவிட்டு, மூச்சு வாங்கும்போது எடுக்கச் சொல்வேன். பாதிப் பேர் பொத்தானை மறந்துவிடுவார்கள். அதன் விசையும் நீளம், கடினம். 2014-இல் கிரிம்சன் டிரேஸ் கம்பெனியின் லேசரோடு மேம்படுத்தி வந்தது. 2024-இல் வந்த பாடிகார்ட் 2.0 வேறு துப்பாக்கி. அது லேசர் இல்லாமல்தான் அறிமுகமானது. பெயரை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுவிடாதீர்கள்.

எனக்குப் பிடித்தது பிடித்தவுடன் எரியும் வகை. பிடியின் முன்புறம் நடுவிரல் படும் இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும். சரியாகப் பிடித்தால் தானே எரியும், கையைத் தளர்த்தினால் அணையும். கிரிம்சன் டிரேஸ் இந்த முறையில் பெயர் எடுத்த கம்பெனி, 2016-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அதை வாங்கியது. ரூகர் எல்சிஆர் போன்ற ஐந்து தோட்டா ரிவால்வர்களில் பிடியே லேசராக வரும். அதில் ஒன்றைக் கவனியுங்கள். லேசர் வாய், அதாவது ஒளி வெளிவரும் இடம், வலதுபக்கப் பிடியின் உச்சியில் இருக்கும். வலதுகைக்காரர் சுட்டுவிரலை விசையில் வைக்காமல் துப்பாக்கிச் சட்டகத்தின் ஓரமாக நீட்டி வைத்திருக்கும்போது விரல் ஒளியை மறைத்துவிடலாம். அதற்காக விரலை முன்கூட்டியே விசையில் வைக்கப் பழகிவிடாதீர்கள். விரலைக் கொஞ்சம் மேலே அல்லது கீழே வைத்துப் பாருங்கள், அப்படியும் மறைத்தால் வேறு மாடல் எடுங்கள்.

மூன்றாவது வகையில் ஸ்லைடுக்குள் சுருள்வில்லைத் தாங்கும் கம்பியையே லேசராக மாற்றியிருப்பார்கள். லேசர்மேக்ஸ் இதைச் செய்தது. வெளியே எதுவும் துருத்தாது, பழைய ஹோல்ஸ்டரே (துப்பாக்கி உறையே) போதும். ஆனால் புள்ளி விலகியிருந்தால் நீங்கள் திருத்த முடியாது, பக்கவாட்டு நெம்புகோலைத் தள்ளித்தான் எரிய வைக்க வேண்டும்.

நிறம் விஷயத்தில் பச்சைக்குத்தான் என் வாக்கு. மனிதக் கண் பச்சையை நன்றாகப் பிடிக்கும். டெக்சாஸ் வெயிலில் ஏழு கஜத்திலேயே சிவப்புப் புள்ளி தேடவேண்டியதாகிவிடும். மின்கலம் பச்சையில் சீக்கிரம் தீரும், விலையும் கூடுதல். உங்கள் கவலை இரவு நேரம் மட்டும் என்றால் சிவப்பே போதுமானது. இந்தத் துப்பாக்கி லேசர்கள் 5 மில்லிவாட்டுக்கு உட்பட்டவை. அப்படியிருந்தும் கண்ணில் படவிடக் கூடாது, கண்ணாடி, டிவி திரை பக்கம் காட்டவும் கூடாது.

வாங்கியபின் புள்ளியைச் சரிசெய்யும்போது பலர் குழம்புவது ஒரு இடத்தில்தான். லேசர், துப்பாக்கிக் குழலுக்குக் கீழே இருக்கிறது. ஒரு அங்குலம் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு கஜத்தில் புள்ளியும் குண்டும் ஒரே இடத்தில் படும்படி திருகினால், மூன்று கஜத்தில் குண்டு புள்ளிக்கு மேலே, அரை அங்குலத்தைவிடச் சற்று அதிகமாகத் தள்ளிப் படும். ஆபத்து வரக்கூடிய தூரத்துக்கு இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. டெக்சாஸ் கைத்துப்பாக்கி லைசன்ஸ் தேர்விலும் சுடுவது 3, 7, 15 கஜங்களில்தான். நான் ஏழு கஜத்தில் வைக்கச் சொல்வேன். அந்தக் குட்டித் திருகாணியை ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

லேசரின் உண்மையான உதவி வீட்டுப் பயிற்சியில் கிடைக்கிறது. இதை நான் எவ்வளவு சொன்னாலும் போதாது. துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை கண்ணாலும் விரலாலும் சோதித்துவிட்டு, வெடிமருந்து இல்லாத டம்மி தோட்டா போட்டு, பின்னால் யாரும் இல்லாத செங்கல் சுவரில் ஒரு காகிதம் ஒட்டிக் குறி வையுங்கள். புள்ளி நடுங்கும். நடுங்கத்தான் செய்யும், எல்லாருக்கும் நடுங்கும். அது நிற்கட்டும் என்று காத்திருந்து, நடுவில் வந்த நொடியில் விசையை வெடுக்கென்று இழுப்பவர்கள்தான் அதிகம். அந்த இழுப்பில் புள்ளி கீழே சறுக்குவதை உங்கள் கண்ணாலேயே பார்ப்பீர்கள். வலதுகைக்காரருக்கு இடதுபக்கக் கீழ்மூலைக்கு ஓடினால், சுட்டுவிரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன என்று அர்த்தம். நடுக்கத்தை அப்படியே விட்டுவிட்டு, ஈரத்துணி பிழிவதுபோல நிதானமாக விசையை அழுத்துங்கள். தினமும் பத்து நிமிடம் இதைச் செய்தவர்கள் ரேஞ்சுக்கு வந்தால் முதல் தாளிலேயே தெரிந்துவிடும். பாதி நேரம் லேசரை அணைத்துவிட்டு, துப்பாக்கியின் மேலேயே உள்ள இரும்புக் குறியிலும் பழகுங்கள். மின்கலம் தீரலாம், லேசர் வாயில் பஞ்சு அடைக்கலாம். லேசர் இல்லாமல் சுடத் தெரியாதவர் லேசரை நம்பக் கூடாது.

ஹோல்ஸ்டர் உங்கள் துப்பாக்கிக்கும் அதே லேசருக்கும் என்று அச்செடுத்ததாக இருக்க வேண்டும். ட்ரிக்கர் வளையத்துக்கு முன்னால் தொங்கும் லேசர் சாதாரண உறையில் நுழையாது. விசையை முழுதாக மூடும் கெட்டியான உறையாக இருக்கட்டும். பிடித்தவுடன் எரியும் வகையில், உறையே பொத்தானை அழுத்தி நாள் முழுக்க எரியவைத்துவிடுகிறதா என்று இருட்டறையில் பாருங்கள். சுடிதார் போடுபவர்களுக்கு இடுப்பில் பெல்ட் இல்லாதது பெரிய சிக்கல். அதற்கு வயிற்றுப் பட்டை வருகிறது. விசைப் பகுதியில் கெட்டித் தகடு உள்ளதாகத் தேர்ந்தெடுங்கள். கைப்பையில் வைப்பதை நான் விரும்புவதில்லை. பையைப் பிடுங்கினால் துப்பாக்கியும் போச்சு, பிஸ்கட் தேடும் பிள்ளையின் கையும் அதே பைக்குள்தான் போகும். டெக்சாஸில் கவனக்குறைவால் 17 வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைத்துவிட்டால் அது வைத்தவர் செய்த குற்றம். உடம்பில் இல்லாத நேரம் அது பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும்.

வியர்வையும் ஈரக்காற்றும் உள்ள ஊர் இது. வாரம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். சுட்டு முடித்ததும் லேசர் வாயில் படிந்த கரியைப் பஞ்சுக்குச்சியால் எடுங்கள், அங்கே எண்ணெய் படக் கூடாது. மின்கலத்தை ஆண்டுக்கொரு முறை, தீருமுன்பே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். "சிவப்புப் புள்ளியைப் பார்த்தாலே ஓடிவிடுவான்" என்று யாராவது சொன்னால் அதை நம்பி எடுக்காதீர்கள். ஒருவர் மேல் லேசர் விழுகிறது என்றால் துப்பாக்கி அவரை நோக்கியிருக்கிறது. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது அப்படிச் செய்வது குற்றவழக்கில் கொண்டுபோய் விடும்.

டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தடை ஏதும் இல்லாத 21 வயது நிறைந்தவர் லைசன்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தும் லைசன்ஸ் எடுங்கள். அந்த வகுப்பில் கற்கும் சட்டம் தேவை, வேறு பல மாநிலங்களிலும் அது செல்லும். நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியாவில் செல்லாது. நியூ ஜெர்சி எடிசனில் தங்கை வீட்டுக்குப் போகும்போது துப்பாக்கி ஹூஸ்டனில் பூட்டியே இருக்கட்டும். இங்கேயும் தபால் அலுவலகத்திலும், மறைத்து வைத்த துப்பாக்கியும் கூடாது என்னும் 30.06 பலகையை வாசலில் வைத்த இடத்திலும், வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வருவதைக் காட்டும் 51 சதவீதச் சிவப்புப் பலகை உள்ள மதுக்கூடத்திலும் கொண்டுபோகக் கூடாது.

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். அதே பையைச் சென்னைப் பயணத்துக்கு எடுத்து, அடித்தையலில் ஒரு தோட்டா ஒளிந்திருந்தால், இந்திய விமான நிலையத்தில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு வரலாம். கறுப்பு, நீலம் எதுவானாலும் சரி, கைப்பிடியில் ஒரு மஞ்சள் நாடா கட்டித் தனியாக வையுங்கள், வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும் வையுங்கள்.