மயங்கி விழுந்தவருக்கு இன்சுலின் போடாதீர்கள்

போன மாதம் எங்கள் வார்டுக்குப் புதிதாக வந்த நர்சிங் மாணவிகள் ஐந்து பேரிடம் ஒரு கேள்வி கேட்டேன். சுகர் இருக்கிற ஒருவருக்குத் திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, கை நடுங்குகிறது, கூப்பிட்டால் குழறிக் குழறிப் பேசுகிறார், முதலில் என்ன செய்வீர்கள்? மூன்று பேர் யோசிக்காமல் சொன்னார்கள்: "இன்சுலின்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அதைத்தான் செய்யப் போனேன். ஃப்ரிட்ஜைத் திறந்து மருந்து பாட்டிலைக் கையில் எடுத்துவிட்டேன். பின்னாலேயே வந்த சீனியர் சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து, "மொதல்ல விரல்ல குத்திப் பாரு" என்றார். மீட்டரில் சுகர் 41, ரொம்ப இறங்கிக் கிடந்தது. இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு கலங்கும்.

இந்தப் பதில் பாடப்புத்தகத்திலிருந்து வருவதில்லை, டிவியிலிருந்து வருகிறது. இனிப்பு தின்றதால்தான் சுகர் வந்தது என்று சீரியலில் சொல்வதையெல்லாம் இங்கே விட்டுவிடுகிறேன், அது எல்லாருக்கும் தெரிந்த தவறு. உயிரை வாங்குகிறவை வேறு, அவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மயங்கியவருக்கு இன்சுலின்

காட்சி உங்களுக்கே தெரியும். கதாநாயகியின் அப்பா நெஞ்சைப் பிடித்துச் சரிவார், யாரோ "அவருக்கு சுகர், ஊசி எங்கே" என்று கத்துவார்கள், டிராயரை இழுத்துக் கொட்டி ஊசியைத் தேடி எடுத்துக் குத்தியதும் கண் திறப்பார்.

இன்சுலின் சுகரை இறக்கும் மருந்து. சில நிமிடங்களில் வேர்த்து, நடுங்கி, குழம்பி விழுகிறவருக்குப் பெரும்பாலும் சுகர் ஏற்கெனவே இறங்கித்தான் கிடக்கும். மூளைக்குப் போக வேண்டிய குளுக்கோஸ் இல்லாமல்தான் அவர் விழுகிறார், இருக்கிற கொஞ்சத்தையும் நாம் ஊசி போட்டு எடுத்தால் வலிப்பு வரும், மூளை பாதிக்கும், உயிரே போகலாம். சரி, சுகர் ஏறித்தான் மயங்கினார் என்றே வைத்துக்கொள்வோம். தோலுக்கடியில் போடும் சாதாரண இன்சுலின் வேலை செய்யத் தொடங்கவே அரை மணி நேரம் ஆகும், முழு வேகம் எடுக்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். குத்தியதும் கண் திறப்பது எப்படிப் பார்த்தாலும் நடக்காது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சஷ்டி விரதம். காலை மாத்திரையை வழக்கம்போலப் போட்டுக்கொண்டவர் சாப்பிடவில்லை. பதினோரு மணிக்கு ஏதேதோ உளற ஆரம்பித்ததும், சுகர் ஏறிவிட்டது என்று நினைத்த மகன் அப்பாவுக்காக வாங்கி வைத்திருந்த இன்சுலினில் பத்து யூனிட் போட்டுவிட்டார். குளுக்கோமீட்டர் அதே ஃப்ரிட்ஜின் மேலேதான் இருந்திருக்கிறது. எங்களிடம் வரும்போது 24. நரம்பில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தார், ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கியது, உள்ளே மாத்திரையும் இன்சுலினும் சேர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தன. இரண்டு ராத்திரி, மணிக்கொரு தடவை விரலில் குத்திக் குத்தி, அந்த அம்மாவின் பத்து விரல் நுனியும் கறுத்துப் போயிருந்தன. பிழைத்துக்கொண்டார். மகன் இன்ஜினியரிங் படித்தவர், அம்மா மேல் உயிரையே வைத்திருப்பவர். "டிவியில இப்படித்தான சிஸ்டர் போடுவாங்க" என்று அழுதார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை, அந்தக் காட்சியை எழுதியவர் மேல் வந்தது, இன்னும் போகவில்லை.

மீட்டர் இல்லையா, சந்தேகமா? நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். சுகர் ஏறியவருக்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை கூடுதலாகப் போனால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இறங்கியவருக்குப் போட்ட இன்சுலினைத் திரும்ப உறிஞ்சி எடுக்க முடியாது.

நினைவில்லாதவர் வாயில் ஜூஸ்

ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாக்லேட்

சுகர் இறங்கியவருக்கு இதைக் கொடுத்தால், கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். சுகர் 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கட்டாயம் இருக்க வேண்டும்.

கண் திறந்ததும் கல்யாண மண்டபத்துக்குக் கிளம்புவது

நாலு இட்லியாவது சாப்பிட்ட பிறகுதான் எழ வேண்டும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாத்திரை போடுகிறவர் என்றால் ஆஸ்பத்திரிக்கு வந்தே ஆக வேண்டும், பல மணி நேரம் கழித்துக்கூட மறுபடி இறங்கும்.

"குடித்திருக்கிறார்" என்று ஒதுக்குவது

சுகர் இறங்கியவரும் குழறித்தான் பேசுவார், விரலில் குத்திப் பாருங்கள்.

சுகர் ஏறுகிற ஆபத்து

இதை டிவியில் சரியாகக் காட்டி நான் பார்த்ததே இல்லை, ஏனென்றால் இது பொத்தென்று விழுகிற மயக்கம் இல்லை. பல மணி நேரமாக, சில சமயம் நாள் கணக்கில் ஏறும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, வயிற்று வலி, பிறகு ஆழமாக மூச்சு வாங்குவது, வாயில் பழுத்த பழம் போல ஒரு வாசனை. சிகிச்சையும் அப்படித்தான் மெதுவாக நடக்கும், முதலில் சலைன், பொட்டாசியம் பார்ப்பது, அப்புறம் மணிக்கு இவ்வளவு என்று அளந்து இன்சுலின். டைப் 1, அதாவது உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை சுகர் இருக்கிற பல குழந்தைகளுக்கு நோய் இருப்பதே இந்த நிலையில் வரும்போதுதான் தெரிகிறது. அதற்குள் ஒரு வாரம் அதை அஜீரணம் என்று நினைத்து வைத்தியம் பார்த்திருப்பார்கள். ஏழு வயதுப் பிள்ளை செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்து, படுக்கையை நனைப்பதை நிறுத்திய பிறகு மறுபடி ஆரம்பித்தால், அன்றைக்கே சுகர் பார்த்துவிடுங்கள்.