தாமரை இலைக்கு எந்தச் சொல், மூங்கில் குருத்துக்கு எந்தச் சொல்?

கோலாலம்பூரில் பொறியியலோ வடிவமைப்போ படிக்கும் நம் மாணவர்கள் தமிழில் கட்டுரை எழுதும்போது, இயற்கையைப் பார்த்துச் செய்த எதையும் ‘பயோமிமிக்ரி’ என்று எழுதிவிடுகிறார்கள். உயிரிடமிருந்து எடுத்துக்கொண்டது உருவமா, பொருளா, இயங்கும் முறையா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கோலாலம்பூரின் பந்தாய் பாருவில் 310 மீட்டர் உயரத்தில் நிற்கும் தெலிகோம் கோபுரத்தைக் கட்டடக் கலைஞர் ஹிஜ்ஜாஸ் கஸ்தூரி மூங்கில் குருத்தின் சாயலில் அமைத்தார். எடுத்தது உருவம்; ஆகவே அது பயோமார்ஃபிக். தோட்டத்து ரப்பர்ப் பாலில் கையுறை செய்வதோ வெறும் உயிர்ப்பொருள் பயன்பாடுதான்.

இனி ஒரு தாமரை இலையில் கைநீரைத் தெளித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நீர் பரவாமல் மணியாகத் திரண்டு, வழியிலுள்ள தூசியையும் சேர்த்துக்கொண்டு உருண்டோடும். கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகளும் அவற்றின் மேலுள்ள மெழுகும் நீரை மேட்டின் நுனிகளில் மட்டுமே தொடவிடுவதுதான் காரணம் என்பதை ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் விளக்கினார். அந்த இயக்கத்தை ஆராய்ந்து, இலையை விட்டுப் பிரித்துப் பொது மாதிரியாக்கி, பிறகு சுவர்ப்பூச்சில் பயன்படுத்தினால் அது பயோமிமெடிக்ஸ். 2015இல் வெளியான ஐஎஸ்ஓ 18458 என்ற பன்னாட்டுத் தரநிலை இம்மூன்று படிகளையும் கேட்கிறது. ஒன்று விடுபட்டாலும் அச்சொல்லைத் தவிர்ப்பதே நேர்மை.

அமெரிக்க மருத்துவர் ஜாக் ஸ்டீல் 1958இல் உருவாக்கிய ‘பயோனிக்ஸ்’ என்ற சொல்லை, அத்தரநிலையின்படி, செயற்கைக் கை போல உடலின் செயலை மின்னணுவியலாலோ இயந்திரத்தாலோ ஈடுசெய்யும் துறைக்கு வைத்துக்கொள்ளலாம். ‘பயோமிமிக்ரி’ நீடித்த வளர்ச்சிக்கு இயற்கையை முன்மாதிரியாகக் கொள்ளும் அணுகுமுறை என்பதால், சுற்றுச்சூழல் நோக்கமே இல்லாத கருவிக்கு அது பொருந்தாது.

பயோமிமெடிக்ஸைத் தமிழாக்கும்போது ‘உயிர்ப்போலி’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. முதற்போலி, இடைப்போலி, கடைப்போலி என்று இலக்கணம் படித்தவருக்கு அதில் குறை தெரியாது. மற்றவர்களுக்குக் கள்ளச் சரக்கு என்றே படும். முதல் முறை ‘பயோமிமெடிக்ஸ், அதாவது உயிர்களின் இயங்குமுறையைத் தொழில்நுட்பத்துக்குக் கொண்டுவருதல்’ என்று எழுதி, அதன் பின் அதே சொல்லைக் கடைசிவரை மாற்றாமல் கையாளுங்கள். ‘தாமரையைப் பின்பற்றிய பூச்சு’ என்று நிறுத்தாமல், ‘தாமரை இலையின் நுண்மேடுகள் நீரை விலக்கும் முறையைப் பின்பற்றிய பூச்சு’ என்று எழுதினால், எடுத்தது இன்னதென்று வாசகர் ஒரே வாசிப்பில் அறிந்துகொள்வார்.