பழைய ஸ்கூட்டரை ஆன்லைனில் விற்பது எப்படி: போட்டோவில் தொடங்கி ஆர்.சி.யில் பேர் மாறும் வரை

இதுவரை மூன்று வண்டிகள், ஒரு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ், மாமியாரின் தையல் மிஷின் எல்லாம் ஆன்லைனில் விற்றிருக்கிறேன். பீரோவும் ஃப்ரிட்ஜும் பெரிய கதை இல்லை. ஆள் வருவார், பணம் தருவார், டாடா ஏஸில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார். வண்டி அப்படியல்ல. முதல் ஸ்கூட்டரை விற்று, பணத்தை எண்ணி வைத்துவிட்டு, வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை என்பது ஒன்றரை வருடம் கழித்து ஒரு எஸ்.எம்.எஸ். வந்தபோது தெரிந்தது. அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

ஆப் இறக்குவது, கணக்குத் திறப்பது எல்லாம் இங்கே இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

முதலில் காகிதம்

ஆர்.சி. (பதிவுச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் எடுத்து வையுங்கள். ஆர்.சி.யில் தேதியைப் பாருங்கள். டூவீலர் பதிவு 15 வருடத்துக்குத்தான். அதைத் தாண்டிய வண்டி என்றால் எஃப்.சி. (தகுதிச் சோதனை) காட்டிப் பதிவைப் புதுப்பித்தால்தான் வாங்குகிறவர் விலையே பேசுவார்.

லோனில் எடுத்த வண்டியா? தவணை முடிந்து பல வருடம் ஆகியிருந்தாலும், நீங்கள் போய் எடுக்காதவரை ஃபைனான்ஸ் பெயர் ஆர்.சி.யில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஃபைனான்ஸில் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் வாங்கி எச்.பி.யை, அதாவது ஆர்.சி.யில் இருக்கும் அந்தக் கடன் பதிவை, கேன்சல் செய்துவிடுங்கள். அப்புறம் அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கட்டாத அபராதம் ஏதாவது நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வாங்க வருகிறவர் உங்கள் வாசலில் நின்றுகொண்டே மொபைலில் இதைத்தான் முதலில் பார்ப்பார்.

போட்டோ

வண்டியைக் கழுவி, காய்ந்த பிறகு, காலை 8 மணி வெயிலில் எடுங்கள். உச்சி வெயிலில் பெயின்ட் பளபளத்துக் கீறல் மறைந்துவிடும். அது நல்லதுதானே என்று தோன்றும். நேரில் வந்து கீறலைப் பார்த்ததும் அதற்கென்று தனியாக ஆயிரம் ரூபாய் குறைப்பார்கள். படத்திலேயே பார்த்துவிட்டு வந்தவர் அதைப் பற்றிப் பேச மாட்டார்.

எட்டுப் படம் போதும். இரண்டு பக்கவாட்டு, முன், பின், சாவி போட்ட நிலையில் மீட்டர், இரண்டு டயர், கடைசியாக இருப்பதிலேயே மோசமான இடம். பின்னால் கொடியில் காயும் லுங்கி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட்டில் கடைசி நான்கு எண்ணை மறைத்துவிடுவது என் பழக்கம். ஆர்.சி. படத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் ஏற்ற வேண்டாம். அதில் உங்கள் முகவரி, சேஸிஸ் எண், என்ஜின் எண் எல்லாம் இருக்கிறது.

விலை

அதே மாடல், அதே வருடம் என்று தேடினால் பத்து விளம்பரம் வரும். அவையெல்லாம் கேட்கிற விலை, விற்ற விலை இல்லை. மூன்று மாதமாக விற்காமல் கிடக்கிற வண்டியின் விலையைப் பார்த்து நீங்களும் போட்டால் நீங்களும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டியதுதான். அதைவிட, பக்கத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் பைக் கன்சல்டிங் ஒன்றில் வண்டியை நிறுத்தி, "என்ன தருவீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்வதுதான் தரைவிலை. அவர் லாபம் வைத்து விற்க வேண்டும், அதனால் நேரடியாக விற்றால் அதற்கு மேல் சில ஆயிரம் கண்டிப்பாகக் கிடைக்கும்.

இன்னொன்று. வாங்குகிறவர்கள் "30,000-க்குள்" என்று வடிகட்டித்தான் தேடுகிறார்கள். 30,500 என்று போட்டால் அந்தப் பட்டியலிலேயே நீங்கள் வர மாட்டீர்கள். நான் 29,900 போட்டேன், 28,000-க்குப் போனது. மனதில் வைத்திருந்தது 27,500.

விளம்பரம் எழுதுவது

பெரும்பாலான விளம்பரங்கள் இப்படித்தான் இருக்கின்றன: "ஸ்கூட்டி விற்பனைக்கு. நல்ல கண்டிஷன். தேவைப்படுவோர் அழைக்கவும்." இதைப் போட்டால் ஒரு நாளைக்கு நாற்பது பேர் கூப்பிட்டு ஒரே ஐந்து கேள்வியைக் கேட்பார்கள். எந்த வருஷம், எத்தனை கிலோமீட்டர், எத்தனையாவது ஓனர், எந்த ஏரியா, லோன் இருக்கா. விளம்பரம் என்பது இந்த ஐந்துக்கும் முன்கூட்டியே சொல்லும் பதில், அவ்வளவுதான்.

தலைப்பை ஆங்கில எழுத்தில் போடுங்கள், தேடுகிறவர்கள் அப்படித்தான் தட்டுகிறார்கள். விவரத்தைத் தமிழில் எழுதுங்கள். நான் இரண்டாவது வண்டிக்கு எழுதியது:

"2015 மாடல், 110 சிசி. சிங்கிள் ஓனர். 41,000 கி.மீ. பீளமேட்டில் பார்க்கலாம், சனி ஞாயிறு காலை மட்டும். லோன் இல்லை. பின் டயர் போன வருடம் மாற்றியது. முன் மட்கார்டில் கீறல் உண்டு, 8-வது படம். செல்ஃப் காலையில் இரண்டு தடவை அழுத்தினால்தான் எடுக்கும், கிக்கரில் ஒரே உதை. பேர் மாற்றும் செலவு வாங்குபவருடையது, கூட நான் வருவேன்."

செல்ஃப் சங்கதியை எழுத வேண்டாம் என்று மனைவி சொன்னார். எழுதினேன். வாங்கியவர் வந்ததும், "செல்ஃப் எடுக்காதுன்னு நீங்களே போட்டிருந்தீங்க, அதனாலதாங்க நம்பி வந்தேன்" என்றார். பேட்டரிக்கு என்று காசு குறைக்கவும் இல்லை.

எங்கே போடுவது? வண்டிக்கு ஓ.எல்.எக்ஸ். போதும் என்பது என் கட்சி. பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜுக்கு ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் பரவாயில்லை, ஏனென்றால் தூக்கிப்போகும் சாமானுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர்தான் சரியான ஆள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் வண்டி விற்காதீர்கள். அப்புறம் செயின் சத்தம் போட்டாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போடுங்கள், சனி ஞாயிறுதான் ஆட்கள் பார்க்க வருவார்கள். மொபைல் எண்ணை மறைத்துவிட்டு சாட் மட்டும் திறந்து வைப்பது மேல்.

"லாஸ்ட் எவ்வளவுங்க?"

போட்ட பத்தாவது நிமிடம் வரும். வண்டியைப் பார்க்காமல் கேட்கிறவருக்கு நான் விலை சொல்வதில்லை. "நேர்ல வாங்க, பேசிக்கலாம்" என்று ஒரே பதிலை நகல் எடுத்து வைத்துக்கொண்டு ஒட்டிவிடுவேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள். மீதிப் பேரில்தான் உங்கள் ஆள் இருக்கிறார்.

இன்னொரு ரகம் உண்டு. பேரமே பேச மாட்டார். ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றல், வண்டியைப் பார்க்க வேண்டாம், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன், அட்வான்ஸ் இப்போதே போடுகிறேன் என்று இந்தியில் சொல்வார். அடுத்து ஒரு க்யூஆர் கோட் வரும், "ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துரும்" என்பார். தையல் மிஷினுக்கு எனக்கே வந்தது. ஸ்கேன் செய்தும்விட்டேன். பின் கேட்கும் திரையில் "செலுத்து 5,000" என்று இருந்ததைப் பார்த்துத்தான் கை நின்றது. யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் தேவையே இல்லை, ஸ்கேன் செய்வதும் பணம் கொடுப்பதற்குத்தான். ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு.

ஓட்டிப் பார்ப்பது, பணம் வாங்குவது

பகலில் வரச் சொல்லுங்கள். ஓட்டிப் பார்க்கக் கேட்டால் லைசென்ஸைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். அவர் வந்த வண்டியின் சாவி உங்கள் கையில் இருக்கட்டும், அல்லது நீங்கள் பின்னால் உட்காருங்கள். பணம் போட்டேன் என்று அவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். உங்கள் வங்கி ஆப்பைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

பேர் மாற்றுவது: நான் மாட்டிய இடம்

2021-ல் முதல் ஸ்கூட்டரை வாங்கியவர் நல்ல மனிதர். டீ வாங்கிக் கொடுத்தார். பேர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரமே பேர் மாத்திக்கறனுங்ணா" என்று ஆர்.சி.யோடு கிளம்பினார். வாங்குபவர் பெயர், தேதி எழுதும் இடங்கள் காலியாகவே இருந்தன. பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

2023 தொடக்கத்தில் ஒரு நாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எஸ்.எம்.எஸ். வந்தது. ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம். வண்டி எண்ணைப் பார்த்தால் என் பழைய ஸ்கூட்டர். வாங்கியவரைக் கூப்பிட்டேன். "அத நான் அப்பவே திருப்பூர்ல ஒருத்தருக்குக் குடுத்துட்டனுங்ணா" என்றார். அந்த ஒருத்தர் யார் என்று அவருக்கும் நினைவில்லை. நான் கையெழுத்துப் போட்ட அதே காலிப் படிவம் கை மாறிக் கை மாறிப் போயிருக்கிறது.

ஆயிரம் ரூபாயைக் கட்டிவிட்டேன். ராத்திரி தூக்கம் கெட்டது வேறு காரணத்துக்காக. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொல்லியிருக்கிறது. வண்டி பல கை மாறிப் போயிருந்தாலும், விபத்து நடந்தபோது ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், நஷ்டஈட்டுப் பொறுப்பும் அவருக்கே. ஹெல்மெட் அபராதத்தோடு போனது என் அதிர்ஷ்டம்.

ஆகவே இப்போது என் முறை இது. பணம் வாங்குவதற்கு முன்பே, இருவரும் உட்கார்ந்து பரிவாகன் தளத்தில் உரிமை மாற்ற விண்ணப்பத்தைப் போட்டுவிடுவோம். வண்டி எண்ணும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்தும் கேட்கும். அப்புறம் ஒரு ஓ.டி.பி. வரும். இரண்டாவது வண்டிக்கு இங்கேதான் முட்டி நின்றேன். வரவே இல்லை. மூன்று முறை அழுத்தி, சர்வரைத் திட்டி, கடைசியில் பார்த்தால் பதிவில் இருந்தது நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண். ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் போகும். முதலில் அதே தளத்தில் மொபைல் எண்ணைப் புதுப்பிக்க வேண்டும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு இதைச் செய்யாதீர்கள். விளம்பரம் போடும் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் போட்டுக் கட்டணம் கட்டியதும் படிவங்களை அச்சிட்டு, வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்து. ஒரு இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது. படிவம் 29 நீங்கள் விற்றதைத் தெரிவிப்பது, 30 பேர் மாற்றக் கேட்பது. விற்றதை 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நானும் கூடப் போகிறேன். அரை நாள் லீவு போகும், போகட்டும்.

இதற்கிடையில் வண்டி அவர் கைக்குப் போகிறது அல்லவா, அதற்கு ஒரு டெலிவரி நோட் எழுதுங்கள். இரண்டு பிரதி. வண்டி எண், விலை, தேதி, முக்கியமாக நேரம். "மாலை 5.40-க்கு ஒப்படைத்தேன், இதன் பிறகு நடக்கும் அபராதம், விபத்து அனைத்துக்கும் வாங்குபவரே பொறுப்பு" என்று எழுதி இருவர் கையெழுத்து, அவரது லைசென்ஸ் நகல், வண்டியோடு அவர் நிற்கும் ஒரு போட்டோ. இது ஆர்.சி. மாற்றத்துக்கு மாற்று இல்லை, இடைப்பட்ட நாட்களுக்கு ஒரு பிடிமானம். உங்கள் ஆதார் நகலைக் கொடுக்க வேண்டி வந்தால் அதன் குறுக்கே "இந்த வண்டி விற்பனைக்கு மட்டும்" என்று வண்டி எண்ணையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டியது வாங்குபவர். ஆனால் க்ளெய்ம் செய்யாததற்கான தள்ளுபடி உங்களுடையது, வண்டியோடு போகாது. புது வண்டி எடுப்பதாக இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியில் அதற்கான கடிதம் கேட்டு வாங்குங்கள். நான் இதைத் தெரியாமல் இரண்டு தடவை விட்டேன்.

ஒரு மாதம் கழித்து எம்-பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள். உரிமையாளர் பெயரில் சில எழுத்து மட்டும்தான் தெரியும், மீதி நட்சத்திரக் குறி. உங்கள் பெயரின் முதல் எழுத்து போயிருக்கிறதா என்று பார்க்க அது போதும். விளம்பரத்தை நீக்கவும் மறக்காதீர்கள். விற்று மூன்று வாரம் ஆன பிறகும் காலை ஆறு மணிக்கு "ஏனுங்க, வண்டி இருக்குதுங்களா?" என்று எனக்கு மெசேஜ் வந்தது.

பின்னால் சேர்த்தது

வாங்குகிறவர் பாலக்காடு, என்ன செய்வது என்று ஒருவர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார். வேறு மாநிலம் என்றால் படிவம் 28-ல் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். கோவைக்காரர்களுக்கு இது அடிக்கடி வரும். விளம்பரத்திலேயே "தமிழ்நாட்டுக்குள் மட்டும்" என்று போட்டுவிடுவது என் வழி.

மறுபடியும் சேர்த்தது: ஏமாற்றுக்காரர்கள் யு.பி.ஐ.யில் பணம் கேட்டு அனுப்பும் கலெக்ட் ரிக்வெஸ்ட் பற்றிச் சிலர் எழுதியிருந்தீர்கள். தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியை 2025 அக்டோபரிலிருந்து யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. க்யூஆர் வழி இன்னும் இருக்கிறது, அதனால் மேலே எழுதியதை மாற்றவில்லை.

இறந்துபோன அப்பாவின் பெயரில் வண்டி இருக்கிறது, நேரடியாக விற்கலாமா என்று கேட்டவருக்கு: முடியாது. வாரிசுச் சான்று, இறப்புச் சான்றோடு படிவம் 31-ல் முதலில் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மற்ற வாரிசுகளின் சம்மதக் கையெழுத்தும் கேட்பார்கள். அக்கா வெளியூரில் இருந்தால் பொங்கலுக்கு வரும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், விளம்பரம் அப்புறம் போடலாம்.