குற்றாலத்துல சீசன்னா திருகோணமலை, பொங்கல் லீவுன்னா காலி (Galle): இலங்கை பீச்சுக்கு எப்போ போறது

"இலங்கைக்கு பீச் ட்ரிப் போகலாம்னு இருக்கோம், எந்த மாசம் நல்லா இருக்கும்?" வருஷத்துக்கு பத்து பேராவது என்கிட்ட இதைக் கேக்குறாங்க. நான் உடனே திருப்பிக் கேப்பேன், எந்தப் பக்கத்துக் கடலுக்குப் போறீங்கன்னு. அங்க பாதிப் பேருக்கு முழி பிதுங்கும், ஏன்னா தீவுன்னா சுத்தி ஒரே கடல்தானே, அதுல பக்கம் என்னன்னு நினைப்பாங்க. நானும் அப்படித்தான் நினைச்சுட்டு ஒரு தடவை ஜூன் முதல் வாரம் ஹிக்கடுவ பக்கம் கடலோரமா ஒரு சின்ன லாட்ஜ்ல மூணு ராத்திரி புக் பண்ணேன். ரேட் பாதிதான், அதுல வேற ஒரு சந்தோஷம். போய்ப் பாத்தா கடல் டீத்தண்ணி கலர்ல இருக்கு, ஜன்னல் கண்ணாடி பூரா உப்பு படிஞ்சு மங்கிப்போச்சு, மணல்ல இருந்த குடையெல்லாம் மடக்கி கயித்தால கட்டி வெச்சுட்டாங்க, சிவப்புக் கொடி காத்துல கிழிஞ்சு பாதிதான் மிச்சம். தி.நகர்ல வாங்கிட்டுப் போன ரப்பர் ட்யூபை பையன் மூணு நாளும் ரூமுக்குள்ளயே ஊதி ஊதி விளையாடினான்.

இதுல கவனிங்க, மழை பெரிசா இல்ல. ஒரு நாளைக்கு ஒண்ணு ரெண்டு மணி நேரம் பேஞ்சிருக்கும், மிச்ச நேரம் வெயில்தான். எங்களைக் கவுத்தது காத்து. அதனால மழை எந்த மாசம்னு பாக்குறதை விட காத்து எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு பாக்குறதுதான் முதல் வேலை.

விஷயம் ரொம்ப சிம்பிள். மே கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காத்து, டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வடகிழக்கு. தென்மேற்குக் காத்து வர்றப்போ நீர்கொழும்புல இருந்து பெந்தோட்ட, ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ வரைக்கும் இருக்குற கரை அதுக்கு நெஞ்சைக் காட்டிட்டு நிக்குது, அலை நேரா வந்து மோதும். அதே காத்து நடுவுல இருக்குற மலைநாட்டுல ஏறி மழையைக் கொட்டிட்டு அந்தப் பக்கம் இறங்கும்போது ஈரம் போய் சூடா காஞ்ச காத்தா திருகோணமலை, மட்டக்களப்பு பக்கம் வந்து சேருது. கிழக்குல இருக்குற நம்ம ஆளுங்க அதைக் கச்சான் காத்துன்னு சொல்றாங்க (அங்க வேர்க்கடலைக்கும் கச்சான்னுதான் பேரு, முதல்ல கேட்டப்போ நான் கடலை விக்கிறாங்கன்னு நினைச்சேன்). டிசம்பர்ல கதை அப்படியே தலைகீழ், வாடைக்காத்து கிழக்குக் கரையைப் போட்டு அடிக்கும், தெற்கும் மேற்கும் அமைதியா கிடக்கும்.

நமக்கு இதை ஞாபகம் வெச்சுக்கிறது ரொம்ப ஈஸி. குற்றாலத்துல சாரல் அடிச்சு சீசன் ஆரம்பிச்சாச்சுன்னா அதே காத்துதான் தென்மேற்குல இருக்குற காலி ஊரையும் நனைக்குது, அப்போ நீங்க போக வேண்டியது கிழக்குக் கரை. நம்ம ஊர்ல அம்மியைத் தூக்குதுன்னு சொல்ற ஆடிக்காத்துக்குச் சொந்தக்காரன்தான் அந்தக் கச்சான். அதே மாதிரி சென்னையில தெருவுல தண்ணி நிக்குதுன்னா திருமலையிலயும் (திருகோணமலையை அங்க இப்படித்தான் சுருக்கிச் சொல்றாங்க) மழைதான், ரெண்டு ஊருக்கும் மழை கொடுக்குறது வடகிழக்குதான். ஆனா அதுக்காக நவம்பர்லயே காலிக்கு டிக்கெட் போட்டுடாதீங்க. அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசமும் இடைப்பட்ட காலம், தீவு பூரா எங்க வேணா மதியத்துக்கு மேல இடி மழை வரும், வங்கக் கடல்ல புயல் உருவாகுறதும் இந்த நேரத்துலதான். 1978 நவம்பர்ல மட்டக்களப்பை ஒரு புயல் புரட்டிப் போட்டதை அந்த ஊர்ப் பெரியவங்க இன்னும் பேசுறாங்க. தீபாவளி லீவை பீச்சுக்குன்னு ஒதுக்காதீங்க, கண்டி பக்கம் சும்மா சுத்திட்டு வரலாம்னா சரி.

இப்போ நம்ம லீவை வெச்சே பாப்போம், ஏன்னா சீசன் என்னதான் நல்லா இருந்தாலும் பிள்ளைங்க ஸ்கூல் விட்டாத்தானே கிளம்ப முடியும்.

அரையாண்டு லீவு, பொங்கல் லீவு ரெண்டுக்கும் தெற்கும் தென்மேற்கும்தான். கடல் கண்ணாடி மாதிரி இருக்கும், சாயங்காலம் சூரியன் கடலுக்குள்ள இறங்குறதைப் பாக்கலாம். மிரிஸ்ஸவுல நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் நீலத் திமிங்கிலம் பாக்க போட் போகுது, வெலிகம அலை சின்னது, சர்ஃபிங் கத்துக்க ஆரம்பிக்கிறவங்க அங்கதான் முதல்ல விழுந்து எந்திரிப்பாங்க. ஒரே கஷ்டம் ரேட். ஐரோப்பாக்காரங்க எல்லாம் குளிருக்குத் தப்பிச்சு அதே பத்து நாள்லதான் வர்றாங்க, கிறிஸ்மஸ்ல இருந்து நியூ இயர் வரைக்கும் ரூம் வாடகை கையைச் சுடும். ஸ்கூல் போற பிள்ளைங்க இல்லாத வீடுன்னா பிப்ரவரி, மார்ச்ல போங்க, என்னைக் கேட்டா வருஷத்துலயே அந்தக் கரைக்கு அதுதான் உச்சம், கூட்டமும் கொஞ்சம் கலைஞ்சிருக்கும்.

முழுப் பரீட்சை லீவு கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேஸ். ஏப்ரல்ல காத்து ஓஞ்சு கிடக்கும், ரெண்டு பக்கக் கடலும் பெரும்பாலும் சாதுதான், மதியம் இடி மட்டும் வரும். ஆனா சித்திரைப் புத்தாண்டு அங்க தமிழருக்கும் சிங்களருக்கும் சேத்து ஒரே பண்டிகை, ஏப்ரல் 13, 14 தேதிய ஒட்டி கடையெல்லாம் மூடி ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பிடும், பஸ்ல ட்ரெய்ன்ல கால் வைக்க இடம் இருக்காது, அந்த வாரத்தைத் தாண்டிப் போங்க. மே மாசம் ஆச்சுன்னா யோசிக்கவே வேணாம், கிழக்குதான். வெசாக் (புத்த பூர்ணிமா) வர்ற மாசம் வேற, போயா நாள் அதாவது பௌர்ணமிக்கு சரக்குக் கடையெல்லாம் மூடிடுவாங்க, இந்த விஷயம் தெரியாம போய் முகம் தொங்குன நண்பர்கள் எனக்கு உண்டு.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் வெளிநாட்டுல இருந்து சொந்தக்காரங்க வர்ற நேரம். அப்போ நிலாவெளி, உப்புவெளி, பாசிக்குடா, சர்ஃபிங்னா அறுகம்பை. சின்னக் குழந்தைங்க இருந்தா பாசிக்குடா, ரெண்டாவது பேச்சே இல்ல, பவளப்பாறை அலையைத் தடுத்துடுது, கடலுக்குள்ள எவ்ளோ தூரம் நடந்து போனாலும் இடுப்புக்கு மேல தண்ணி ஏறாத இடம் நிறைய இருக்கு. ஸ்நார்க்லிங்னா நிலாவெளிக்கு எதிர்ல இருக்குற புறாத்தீவு, போட்ல கொஞ்ச நேரம்தான், குட்டி குட்டி சுறா கால்கிட்டயே சுத்தும், ஒண்ணும் பண்ணாது. மே-ஆகஸ்ட்ல திமிங்கிலமும் திருமலைப் பக்கம்தான். காலையில சூரியன் கடல்ல இருந்து எழும்பி வர்றதைப் பாக்கணும்னாலும் இந்தக் கரைதான்.

ஆனா கிழக்குக் கரையில ஜூலையில ஒரு சூட்சுமம் இருக்கு, இதை யாரும் சொல்லித் தர மாட்டாங்க. உப்புவெளியில மத்தியானம் மூணு மணி இருக்கும், கடல் தட்டையா அழகா இருக்கு, நான் அதே ரப்பர் ட்யூபோட பையனைக் கூட்டிட்டு இறங்குறேன், வலை பின்னிட்டு இருந்த ஒரு ஐயா கூப்பிட்டு, "தம்பி, கச்சான் வீசுது, உந்த ட்யூப்பை உள்ளுக்குக் கொண்டு போகாதேங்கோ, காலமை வாங்கோ"ன்னார். எனக்கு முதல்ல புரியல. அப்புறம் அவரே கையில கொஞ்சம் மணலை எடுத்து மேல போட்டுக் காட்டினார், மணல் நேரா கடலைப் பாத்துப் பறந்துச்சு. காத்து கரையில இருந்து கடலுக்குள்ள தள்ளுது, அதனாலதான் அலையே இல்ல, அதே காரணத்தால மிதக்குற எதையும் உள்ள இழுத்துட்டுப் போயிடும். அன்னைல இருந்து எந்த பீச்ல இறங்குறதா இருந்தாலும் முதல்ல ஒரு பிடி மணலைத் தூக்கிப் போட்டுப் பாத்துட்டுத்தான் இறங்குறது. கிழக்குல குளியல், போட் எல்லாம் காலையிலயே முடிச்சுடுங்க.

காலாண்டு லீவுல, அதாவது செப்டம்பர் கடைசியில, கச்சான் வேகம் குறைஞ்சிருக்கும், மழை இன்னும் பிடிச்சிருக்காது, கிழக்குக்கு அது நல்ல நேரம்தான். கொழும்பு பக்கம் கட்டுநாயக்க ஏர்போர்ட்ல இறங்கி திருமலைக்கு ரோட்டுல சுமார் 260 கிலோமீட்டர், ஆறு மணி நேரம் வெச்சுக்கோங்க. நடுவுல ஒரு ராத்திரி சிகிரியா பக்கம் தங்கினா ஆகஸ்ட், செப்டம்பர்ல மின்னேரியா குளம் வத்துறப்போ கூட்டம் கூட்டமா வர்ற யானைங்களையும் பாத்துடலாம், அதனால அந்தத் தூரத்தை நஷ்டக் கணக்குல எழுதாதீங்க.

கப்பல்ல போறதா இருந்தா இன்னும் கவனம். நாகப்பட்டினத்துல இருந்து யாழ்ப்பாணம் பக்கம் இருக்குற காங்கேசன்துறைக்குப் போற கப்பலை 2023 அக்டோபர் 14 அன்னைக்கு ஆரம்பிச்சாங்க, வடகிழக்குப் பருவம் வருதுன்னு ஒரு வாரத்துக்குள்ள நிறுத்திட்டாங்க, திரும்ப ஓட 2024 ஆகஸ்ட் ஆச்சு. மழை மாசத்துல அதை நம்பி ரிட்டர்ன் ப்ளான் போடாதீங்க.

சிலர் ரெண்டு மூணு தீவை வெச்சு யோசிப்பாங்க, அவங்களுக்கும் ஒரு வார்த்தை. மாலத்தீவுல மலையே கிடையாது, எல்லாம் தண்ணி மட்டத்துல இருக்குற தட்டைத் தீவு, அதனால இந்தப் பக்கம் மழைன்னா அந்தப் பக்கம் ஓடுற வசதி அங்க இல்ல, ஜனவரியில இருந்து ஏப்ரல்தான் காஞ்ச காலம். மான்டா திருக்கை பாக்கணும்னு போறவங்க மட்டும் வேணும்னே மழை மாசத்துல போவாங்க, அப்போதான் அதுங்களுக்குத் தீனி வந்து சேரும். அந்தமானும் கிட்டத்தட்ட அதே கணக்கு, மே-லயே மழை பிடிச்சுடும்.

தேதி முடிவு பண்ண அப்புறம் போன்ல வெதர் ஆப்பைத் திறந்து பத்து நாளும் மின்னல் படம் காட்டுதுன்னு கேன்சல் பண்ணாதீங்க. ஏப்ரல் மாதிரி மாசத்துல அது சாயங்காலம் ஒரு மணி நேர இடியா இருக்கும், இடி கேட்டா தண்ணியை விட்டு வெளிய வந்துடணும், அவ்ளோதான். பாக்க வேண்டியது விண்டி மாதிரி ஆப்ல அலை உயரம். என் சொந்தக் கணக்கு, ஒரு மீட்டருக்குள்ள இருந்தா குடும்பத்தோட இறங்கலாம், ரெண்டு மீட்டரைத் தொட்டா கரையில உக்காந்து தொதல் சாப்பிடலாம். வெயில், தண்ணிச் சூடு ரெண்டும் வருஷம் பூரா ஏறக்குறைய ஒண்ணுதான், அதை வெச்சு மாசம் தேடாதீங்க. ஓதமும், அதாவது கடல்மட்ட ஏத்த இறக்கமும், அங்க ஒரு மீட்டர் கூட வராது, அதையும் விட்டுடலாம். ஆஃப் சீசன்ல வேற வழியில்லாம தெற்குக்கே போயாகணும்னா உனவட்டுன, மாத்தறை பக்கம் பொல்ஹேன மாதிரி பாறை மறைப்பு இருக்குற இடத்தைப் பாருங்க, முழங்கால் தண்ணிக்காவது உத்தரவாதம், அதுலயும் கொடி சிவப்புன்னா இறங்காதீங்க.

கடைசியா பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஹோட்டல்காரங்களுக்கு வாட்ஸாப்ல, இன்னைக்குக் காலையில கடலை ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கன்னு கேளுங்க. நல்ல சீசன்ல ரெண்டு நிமிஷத்துல வந்துடும். போன வருஷம் ஜூன்ல என் மச்சான் தெற்குல ஒரு இடத்துல கேட்டதுக்கு ஒரு நாள் கழிச்சு அனுப்பினாங்க, நாப்பது செகண்ட் வீடியோ, ஸ்விம்மிங் பூல், பஃபே, ரிசப்ஷன் எல்லாம் இருந்துச்சு, கடல் மட்டும் இல்ல. அவன் அப்புறம் பாசிக்குடாவுல ரூம் போட்டான்.