இடி கேட்ட பிறகும் ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு

போன ஞாயிறு மாலை சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வழக்கமான காற்பந்தாட்டம். முதல் இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எதிர் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டோம். பக்கத்துத் திடலில் இருபது வயது மதிக்கத்தக்க பையன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஆடிக்கொண்டே இருந்தார்கள். தூறல் விழ ஆரம்பித்ததும் ஓடிப்போய் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றார்கள். பத்து நிமிடத்தில் தூறல் விட்டது. மறுபடியும் திடலில் இறங்கிவிட்டார்கள்.

இருபது நிமிடத்துக்குள் மூன்று தவறுகள். மூன்றையும் அந்த வயதில் நானும் அதே வரிசையில் செய்திருக்கிறேன். அதில் ஒன்றுக்கு என் நண்பன் ஒருவன் இன்றுவரை விலை கொடுத்துக்கொண்டிருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறேன். மின்னலோடு, வெளியே ஆடும்போது நாம் செய்யும் வேறு சில தவறுகளையும் சொல்கிறேன்.

தண்ணீர் குடியுங்கள், உடலைச் சூடுபடுத்திக்கொள்ளுங்கள், நல்ல காலணி போடுங்கள் என்பதெல்லாம் இங்கே வராது. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“இந்த வெயில் நமக்குப் பழகியதுதானே”

2025 அக்டோபரில் மரினா பேயில் நடந்த எஃப்1 கார் பந்தயத்துக்கு முன்னால் அனைத்துலக மோட்டார் பந்தயச் சம்மேளனம் ‘வெப்ப அபாயம்’ என்று அறிவித்தது. எஃப்1 வரலாற்றில் அப்படி அறிவித்தது அதுவே முதல் தடவை. அதுவும் இரவில் நடக்கும் பந்தயத்துக்கு. குளிரூட்டும் உள்சட்டை போட ஓட்டுநர்களுக்கு வழி செய்யப்பட்டது. அவ்வளவு கடுமையாக உடலைத் தயார்செய்து வருகிறவர்களுக்கே நம் ஊர் வெப்பம் அபாயம் என்றால், வாரம் முழுக்கக் குளிர்சாதன அறையில் உட்கார்ந்துவிட்டு ஞாயிறு மட்டும் ஓடுகிற நமக்கு என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவர் எங்களோடு ஆட வந்தார். “திருச்சி வெயிலைவிடவா அண்ணே இது?” என்றார். திருச்சியில் 40 டிகிரி அடித்தாலும் காற்று காய்ந்திருக்கும், வியர்வை ஆவியாகி உடம்பு குளிரும். இங்கே 32 டிகிரிதான், ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை வழியுமே தவிர அவ்வளவாக ஆவியாகாது. இரண்டாம் பாதியில் அவர் எதிரணிக்காரருக்குப் பந்தைத் தட்டிக்கொடுத்தார். என்ன ஆச்சு என்று கேட்டால் பதில் குழறியது. நடை தள்ளாடியது. அது களைப்பு அல்ல, வெப்பத் தாக்கத்தின் அறிகுறி. அப்படி ஒருவர் குழம்ப ஆரம்பித்தால் 995 கூப்பிட்டுவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திராமல் குளிரவைக்கத் தொடங்க வேண்டும். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி, கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் ஐஸ் வையுங்கள். நாங்கள் காப்பிக்கடையிலிருந்து ஒரு வாளி ஐஸ் வாங்கி ஓடி வந்தோம். அவர் பிழைத்துக்கொண்டார்.

புதிதாக வந்தவர்களும் நீண்ட நாள் இடைவெளிக்குப் பிறகு திரும்புகிறவர்களும் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். தேசியச் சுற்றுப்புற அமைப்பின் மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவு இருக்கிறது. வெப்பநிலையோடு ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவது அது. 33 டிகிரியைத் தொட்டால் ‘அதிகம்’ என்று காட்டும். அன்று ஆட்டத்தைச் சாயங்காலம் தள்ளிப் போடுங்கள்.

புகைமூட்ட நாளில் தவறான எண்ணைப் பார்ப்பது

2013 ஜூன் 21 அன்று காற்றுத் தூய்மைக் கேட்டுக் குறியீடு 401 வரை போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அதிலிருந்து நம் ஆட்களுக்கு அந்தக் குறியீட்டைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது, நல்லதுதான். ஆனால் 24 மணி நேரக் குறியீடு முந்தின ஒரு நாளின் சராசரி. இப்போது ஓடப் போகலாமா என்று தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது பிஎம் 2.5 நுண்துகளின் ஒரு மணி நேர அளவு. அது 55 வரை இருந்தால் வழக்கமான நிலை.

காய்ச்சலோடு ஆடுவது

ஆடாதீர்கள். காய்ச்சல் கிருமியால் இதயத் தசை வீங்கினால் வெளியே தெரியாது, ஆடும்போது நேரே விழலாம்.

“மழை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்”

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டும் வாக்கியம் இது. ஏனென்றால் அதைச் சொன்னவன் நான்.

பதினைந்து வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. அது ஒரு நவம்பர் மாத ஞாயிறு. இரண்டு மணி நேரத்துக்குத் திடலை எடுத்திருந்தோம், இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி. ஆட்டம் 2-2. நான்தான் அணித்தலைவன். மேற்கே இடி இரண்டு தடவை கேட்டது. எங்கள் தலைக்கு மேலே வானம் வெளுத்துதான் இருந்தது, ஒரு துளி விழவில்லை. நிறுத்தலாமா என்று கோல்காப்பாளர் கேட்டார். “மழை வரட்டும்டா, அப்புறம் பார்க்கலாம்” என்றேன்.

அடுத்து எனக்கு நினைவிருப்பது வெள்ளை நிறம் மட்டும். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன. மின்னல் விழுந்தது எங்கள் மேல் அல்ல, எல்லைக்கோட்டைத் தாண்டி நின்ற மரத்தில். அந்தப் பக்கம் பந்தை எறிய நின்றவரும், இடது பின்களத்தில் நின்ற என் நண்பனும் விழுந்தார்கள். முதல் ஆள் தானாக எழுந்துவிட்டார். என் நண்பனால் காலை அசைக்க முடியவில்லை. “கால் இருக்கா பாரு, கால் இருக்கா பாரு” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தான். கால் அன்று இரவே சரியாகிவிட்டது. இடது காது சரியாகவில்லை. செவிப்பறை கிழிந்து, அதற்குப் பிறகு ஓயாத இரைச்சல். இன்றைக்கும் சாப்பிட உட்கார்ந்தால் வலது காது நம் பக்கம் இருக்கிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் திடலுக்கு மறுபடி வரவே இல்லை.

மரத்தில் விழுந்தது அவனை எப்படி எட்டியது? மின்னல் மரத்தோடு நிற்பதில்லை, தரைக்குள் இறங்கிப் பரவும். ஒரு கால் இங்கே, ஒரு கால் அங்கே என்று நிற்கிறவனின் ஒரு காலில் ஏறி மறுகால் வழியே இறங்கிப் போகும். மின்னலால் அடிபடுகிறவர்களில் நேராகத் தலையில் வாங்குகிறவர்கள் குறைவு. தரை வழியாகவும் பக்கத்தில் இருக்கும் மரம், கம்பத்திலிருந்து தாவியும் தாக்கப்படுகிறவர்களே அதிகம்.

மழைக்கும் இதற்கும் சம்பந்தம் வைக்காதீர்கள். மழை கொட்டும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச் சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்கச் சுமார் மூன்று வினாடி ஆகும். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது நீங்கள் நிற்கும் இடத்தில் விழலாம். எண்ணக்கூடத் தேவையில்லை என்பேன் நான். இடி காதில் விழுந்தாலே போதும், போய்விடுங்கள். சிங்கப்பூரில் வருடத்தில் ஏறக்குறைய பாதி நாள் எங்காவது இடி இடிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் ஆனால் தினமும் எதிர்பார்க்கலாம்.

இவ்வளவும் தேசிய சேவை செய்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ‘கேட் ஒன்’ என்ற மின்னல் எச்சரிக்கையை அறிவித்துவிட்டால் முகாமில் யாரும் வெளியே நிற்க மாட்டார்கள். அதே ஆட்கள் சொந்தப் பணத்தில் திடல் எடுத்து ஆடும்போது மட்டும் ஏன் நிற்கிறார்கள்? பணம்தான் காரணம். பணத்தோடு நேரமும். போன ஞாயிறு அந்தப் பையன்களிடம் போய்ப் பேசினேன். ஒருவன் உடனே கேட்டான், “நாப்பது நிமிஷம் போயிடுமே அண்ணே, காசு திரும்பக் கிடைக்காதே?” என் மனத்திலும் அன்று இருந்தது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான்.

2025 ஜூன் மாத இறுதியில், கிளப் உலகக் கிண்ணத்தில் செல்சியும் பென்ஃபிகாவும் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் மோதின. நமக்கு ஞாயிறு விடியற்காலை 4 மணி. செல்சி 1-0 என்று முன்னிலை, இன்னும் நான்கைந்து நிமிடம்தான் பாக்கி, அப்போது மின்னல் எச்சரிக்கை வந்து ஆட்டத்தை நிறுத்தினார்கள். ஏறத்தாழ இரண்டு மணி நேரம். திரும்பி வந்ததும் பென்ஃபிகாவின் டி மரியா பெனால்டியில் சமன்செய்தார். கூடுதல் நேரத்தில் செல்சி 4-1 என்று ஜெயித்தபோது இங்கே எட்டரை தாண்டிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் அப்போதைய செல்சி பயிற்றுநர் மரெஸ்கா இதெல்லாம் காற்பந்தே இல்லை என்று கொதித்தார். எங்கள் வாட்ஸ்அப் குழுவிலும் முக்கால்வாசிப் பேர் அவர் பக்கம். நான் அவர் பக்கம் இல்லை. அந்தப் போட்டித்தொடரிலேயே மிகச் சரியான முடிவு அந்த நிறுத்தம்தான். அவ்வளவு பெரிய போட்டியில், நான்கைந்து நிமிடம் மீதி இருக்கும்போது நிறுத்த முடிகிறது என்றால் நம் 2-2 எம்மாத்திரம்?

இங்கேயும்தான் பார்த்தோமே. 2022 அக்டோபர் 2, எஃப்1 பந்தயம் மழையாலும் இடிமின்னலாலும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாகத் தொடங்கியது. மரினா பேயில் கூட்டம் நனைந்துகொண்டே காத்திருந்தது. காசு கொடுத்துப் பார்க்கப் போன இடத்தில் காத்திருக்கத் தெரிந்த நமக்கு, ஆடப் போன இடத்தில் தெரியாமல் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் இந்தோனேசியாவின் பாண்டுங்கில் ஒரு நட்புமுறை ஆட்டத்தின் நடுவே மின்னல் தாக்கி ஓர் ஆட்டக்காரர் இறந்தார். அதே வருடம் நவம்பரில் பெரு நாட்டில் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஆட்டக்காரர்கள் திடலைவிட்டு நடந்து வெளியேறிக்கொண்டிருந்தார்கள். அந்த நடையின்போதே மின்னல் விழுந்து ஒருவர் உயிர் போனது. அங்கே நிறுத்தினார்கள், ஆனால் நேரம் கடந்திருந்தது. முதல் இடிக்கும் வெளியேறுவதற்கும் நடுவில் ஓடுகிற நிமிடங்களை நாம் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

எங்கள் குழுவில் இப்போது இரண்டு ஏற்பாடுகள். கட்டணத்தை மாதத் தொடக்கத்திலேயே ஆளுக்கு முப்பது வெள்ளி என்று வாங்கிவிடுகிறோம், எத்தனை ஆட்டம் நடந்தாலும் அதே முப்பது. ஒரு ஆட்டம் போனால் யார் காசு போனது என்று யாரும் எண்ணுவதில்லை. இரண்டாவது, நிறுத்தும் முடிவு அணித்தலைவனிடம் இல்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் மாற்று ஆட்டக்காரர் கையில் கைப்பேசி இருக்கும், வானிலை ஆய்வகத்தின் மின்னல் பதிவுகள் அதில் திறந்திருக்கும். அவர் கத்தினால் ஆட்டம் முடிந்தது. பந்து கோலுக்கு முன்னால் இருந்தாலும் சரி. பையை எடுக்காமல் ஓட வேண்டும். ஆடிக்கொண்டிருப்பவனிடம் இந்த முடிவை விட்டால் அவன் ஆட்டத்தைத்தான் பார்ப்பான்.

மரத்தடி

கூடாது.

நான்கு தூணும் ஒரு கூரையும்

அது மழைக்கு மட்டும் ஒதுங்கும் இடம். சில பூங்காக்களில் மின்னல் காப்பு உள்ள கொட்டகை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள், அது பரவாயில்லை. மற்றபடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடுப்பக்கமாக நில்லுங்கள், அல்லது கூரையுள்ள காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்காருங்கள். குந்தி உட்கார்ந்தால் தப்பிக்கலாம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். திடலில் குந்தியிருக்கும் நேரத்தில் புளோக்குக்கு ஓடிவிடலாம்.

தூறல் விட்டதும் இறங்குவது

கடைசியாகக் கேட்ட இடியிலிருந்து முப்பது நிமிடம் காத்திருங்கள். இருபத்தெட்டாவது நிமிடத்தில் இன்னொன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து. கேட்க அநியாயமாக இருக்கும். மேகம் விலகிப் போகும்போதும் அதன் வால்பக்கத்திலிருந்து மின்னல் இறங்கும், அதற்குத்தான் இந்தக் கணக்கு.

காலை ஓட்டக்காரர்களும் சுமத்திராக் காற்றும்

மின்னல் பிற்பகல் விஷயம் என்று நினைத்து விடியற்காலை மெக்ரிட்சிக்கோ ஈஸ்ட் கோஸ்ட்டுக்கோ போகிறவர்கள் கவனிக்க. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்திராவிலிருந்து வரும் புயற்காற்று விடிவதற்கு முன்னும் காலையிலுமே தாக்கும். மேற்கு வானம் கறுத்துக் காற்று திடீரென்று குளிர்ந்தால் திரும்பிவிடுங்கள். மின்னலுக்கு முன்னால் மரக்கிளை விழும்.

விழுந்தவரைத் தொடப் பயப்படுவது

என் நண்பன் விழுந்தபோது நாங்கள் ஒரு நிமிடம் போல அவனைத் தொடவில்லை, நமக்கும் ஷாக் அடிக்கும் என்ற பயம். மின்னல் அடித்த உடம்பில் மின்சாரம் தங்காது. உடனே தொடலாம். மூச்சில்லை என்றால் 995 கூப்பிட்டு அந்தக் கணமே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தும் முதலுதவி, தொடங்குங்கள். மின்னலில் நின்றுபோன இதயம் பல நேரம் திரும்பத் துடிக்கும், மூச்சு வரத்தான் தாமதமாகும், அதனால் சீக்கிரம் கைவிடாதீர்கள். இன்னொருவரை ஏஇடி கருவி, அதாவது இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி, எடுக்க அனுப்புங்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக புளோக்குகள் பலவற்றின் கீழே மின்தூக்கிக்குப் பக்கத்தில் இருக்கும். குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியிலும் இடம் காட்டும்.

எங்கள் திடலுக்கு மிக அருகில் இருப்பது சாலையைக் கடந்து இரண்டாவது புளோக்கில். போன ஞாயிறு அந்தப் பையன்களைக் கூட்டிப்போய் அதைக் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.